சார் நிற்கும்போது நாங்கள் எப்படி உட்காருவது?

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த அலுவலகத்தில் இப்போது அவள்தான் மூத்த எழுத்தர். "அக்கா, நம்ம ஆபீசுக்கு நாலு மேசை வந்துருக்கு. பட்டன அமுக்குனா மேல ஏறுது, எறங்குது. நின்னுக்கிட்டே வேலை பாக்கலாமாம். ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க. ஒண்ணுல டீ பிளாஸ்க்க வச்சிருக்காங்க" என்று சிரித்தாள். பிறகு, "ஒங்க காலத்துல ஒருத்தரு நின்னுக்கிட்டே வேலை பாத்தாராமே, அதக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டுறோம்" என்றாள். நோட்டீஸ் போர்டில் அடங்குகிற அளவுக்கு எழுத எனக்கு இனிமேல் வராது. சர்வீஸ் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் சுருக்கிச் சுருக்கி எழுதியாயிற்று. இதையாவது நீட்டி எழுதிக்கொள்கிறேன்.

என் ஊர் திருநள்ளாறுக்கு மேற்கே. வீட்டில் நெல் விவசாயம். எனக்கு அரசு வேலை கிடைத்தபோது அப்பா ஊரெல்லாம் போய்ச் சொன்னது எந்த இலாகா என்றோ, என்ன சம்பளம் என்றோ அல்ல. "எம்பொண்ணு காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து வேலை பாக்கப் போவுது" என்றுதான் சொன்னார். சேற்றில் நின்று கால் வெளுத்துப்போனவருக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் தெரியாது. நானும் அப்படித்தான் நினைத்தேன். டைப்ரைட்டிங் லோயர், ஹயர் எல்லாம் முடித்து, காரைக்காலில் இந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, மர நாற்காலி போய்ச் சக்கர நாற்காலி வந்தது, நான் மட்டும் அசையவில்லை. என் இடுப்புக்கு எத்தனை முறை புது ஜாக்கெட் அளவு கொடுத்தேன் என்று என் தையல்காரியைத்தான் கேட்க வேண்டும்.

பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று மக்கள் நாள் முழுக்க வந்து போகிற அலுவலகம் அது. பெயர் வேண்டாம். அங்கே ஒருவர் வேலை பார்க்கிறாரா இல்லையா என்பதற்கு ஒரே அடையாளம், அவர் சீட்டில் இருக்கிறாரா என்பதுதான். உள்ளே பதிவறையில் தூசியைத் தின்றுகொண்டு ஃபைல் தேடினாலும், சீட் காலியாக இருந்தால் ஆள் ஊர் சுற்றப் போய்விட்டார் என்று பொருள்.

மதியழகனுக்கு அதுதான் வினையாக வந்தது.

மதியழகனுக்குக் கோட்டுச்சேரிமேடு. அண்ணன்மார் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் தெருவில் பரீட்சை எழுதி அலுவலக வேலைக்கு வந்த முதல் ஆள் இவன்தான். என் பக்கத்து சீட். என்னைவிடப் பல வருடம் இளையவன், நாற்பதுகூட ஆகவில்லை. வேலையில் கெட்டிக்காரன். கொஞ்ச நாளாகவே அவன் சீட்டில் தரிக்காமல் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போவான், ஜெராக்ஸ் எடுக்கப் போவான், ஒன்றுமில்லாவிட்டால் ஜன்னலைச் சாத்தப் போவான். "என்ன தம்பி, சீட்ல முள்ளு முளைச்சிருக்கா?" என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தச் சமயம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். அவர் எங்கள் அறையைத் தாண்டிய இரண்டு தடவையும் மதியழகன் சீட் காலி. அதை எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆய்வில் நேரில் பார்த்து, அவன்மேல் நடவடிக்கை எடுப்பதா என்று முடிவு செய்வதாகத் தாக்கீது வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் பின் வராந்தாவுக்குப் போனபோது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் திண்டில் ஃபைலை விரித்து வைத்து, நின்றபடியே மளமளவென்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிட்டான்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. முதுகுல டிஸ்க் வெலகியிருக்காம். ஒக்காந்தா இடுப்புலேருந்து கால் விரல் வரைக்கும் சுண்டி இழுக்குது. நின்னா ஒண்ணும் இல்ல."

"சாருகிட்ட சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொன்னா மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. சீட்ல ஒக்கார முடியாதவனுக்கு என்னா வேலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டா? இந்த முதுக வச்சிக்கிட்டு நான் போட்டுலயும் ஏற முடியாதுக்கா."

அன்றைக்குக் கிண்டல் செய்த வாயை அடக்கிக்கொண்டு, அவனை இரண்டு நாள் நச்சரித்தேன். கடைசியில், "நீங்களே சொல்லுங்கக்கா, எனக்கு வாய் வராது" என்று ஒப்புக்கொண்டான்.

எங்கள் அதிகாரி சபாநாயகம் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புதுச்சேரிக்காரர். வாரம் முழுக்கக் காரைக்காலில் வாடகை அறை, சனிக்கிழமை பஸ் ஏறி வீடு. கனத்த சரீரம், இரண்டு முழங்காலிலும் வலி. உட்காருவதில் அவருக்கு இருந்த பிரியம் எனக்குக்கூடக் கிடையாது. பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலி, அதன் முதுகில் வெள்ளைத் துண்டு. காலையில் வந்து அதில் அமரும்போது அவர் விடுகிற பெருமூச்சு எங்கள் அறை வரை கேட்கும். தனக்குக் கிடைத்த அந்தச் சுகம் எல்லோருக்கும் வேண்டும் என்று நினைக்கிற மனிதர். மற்ற அதிகாரிகள் எதிரே ஒரு நாற்காலிகூடப் போட மாட்டார்கள். இவர் இரண்டு போட்டிருந்தார். மனுவோடு வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்வார். பிறகு அவர்கள் மனுவை அவர்களுக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இதானே நீங்க கேக்குறது? சரியா எழுதியிருக்காங்களா?" என்பார். பாதி மனுக்கள் அங்கேயே திருத்தப்படும். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். "சொல்லுங்கம்மா" என்பது "தயவுசெஞ்சு சொல்லுங்கம்மா" என்று ஆனால் நாங்கள் நடுங்குவோம்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நின்னா வலி இல்லையா?"

"இல்லையாம் சார்."

"அப்ப நிக்கட்டுமே. வேலைய நாற்காலியாம்மா பாக்குது?"

அதோடு விட்டுவிடவில்லை. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் அவருக்கு. என்னையும் துணைக்குச் சேர்த்து, மதியழகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிற பெண்ணிடம் விவரமாகக் கேட்டு வரச் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். முழங்கை மடங்குகிற உயரத்தில் மேசை இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரை கண்ணுக்கு நேரே வர வேண்டும், குனியக் கூடாது. முட்டியை விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு காலைச் சின்ன உயரத்தில் தூக்கி வைத்து, மாற்றி மாற்றி நிற்க வேண்டும். நிற்கலாம் என்றதும் நாள் முழுக்க நின்றுவிடவும் கூடாது, இடையிடையே நடக்க வேண்டும், முடிகிறபோது கொஞ்ச நேரம் உட்காரவும் வேண்டும். "ஒரே மாதிரி இருக்கறதுதான் தப்பு. ஒக்காந்தாலும் சரி, நின்னாலும் சரி" என்றாள். திரும்பி வரும்போது நான் என் முதுகையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேசை தயாரான காட்சியை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சுற்றுச்சுவர் வேலைக்கு வந்து மிச்சம் கிடந்த ஹாலோ பிளாக் கற்களைக் கொண்டுவந்து மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தோம். சார் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். மதியழகன் கையை மடக்கிக்கொண்டு நிற்க, நான் என் தையல் டேப்பால் அளந்தேன். "தம்பி, கும்புடப் போற மாதிரி தூக்காதீங்க. சாப்பாட்டுத் தட்டு ஏந்துற மாதிரி வைங்க கைய" என்றார் சார். ஒரு கல் வைத்தால் தாழ்ந்தது, இரண்டு வைத்தால் உயர்ந்தது. கடைசியில் ஒரு கல்லும் அதன்மேல் பலகையும் வைத்ததும் சரியாக அமைந்தது. திரைக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரிகள். காலை மாற்றி வைப்பதற்கு என் வீட்டிலிருந்து ஒரு மணை கொண்டு போனேன். அலுவலக உதவியாளர் கஸ்தூரி அதைப் பார்த்துவிட்டுக் கொதித்துவிட்டாள். "மாப்ள ஒக்கார்ற மணையில செருப்புக் கால வைக்கிறதா? ஒங்களுக்கெல்லாம் வெளங்குமா?" என்று மணையைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, தானே போய் ஒரு செங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

முதல் வாரத்திலேயே மதியழகனின் முகம் தெளிந்துவிட்டது. வேலையும் ஓடியது. தொல்லை வேறு திசையிலிருந்து வந்தது. நம் ஊரில் ஒரு மனிதன் நின்றால் பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. வருகிறவர், போகிறவர், தபால்காரர், பக்கத்து அலுவலகத்துக்காரர் அத்தனை பேரும் "ஒக்காருங்க தம்பி", "ஏன் நிக்கிறீங்க, ஒக்காருங்க" என்று உபசரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. மனு கொண்டு வந்தவர்களோ அவன் கிளம்பிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மாள், "தம்பி கெளம்பிட்டீங்களா? சரி, நான் நாளைக்கி வாரேன்" என்று வாசல் வரை போய்விட்டாள். ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து வரிசை கட்டினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மதியழகனின் அம்மா வந்தார். பக்கத்து பேங்க்குக்கு வந்தவர், மகன் வேலை பார்க்கிற அழகைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அவரைக் கவலைப்பட வைக்க வேண்டாம் என்று மகன் முதுகு வலியைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அறையில் நாங்கள் நாலைந்து பெண்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் இவர் பிள்ளை மட்டும் செங்கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தத் தாய்க்கு என்ன தோன்றும்? நேராகச் சார் அறைக்குள் நுழைந்துவிட்டார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"ஒக்காருங்கம்மா" என்றார் சார் வழக்கம்போல.

"நான் ஒக்காரலங்க. எம்புள்ளைய மொதல்ல ஒக்கார வைங்க. அது என்னா தப்பு பண்ணுச்சு ஐயா? பள்ளிக்கொடத்துல நிக்க வைக்கிற மாரி, ஒத்தக் கால்ல நிக்க வச்சிருக்கீங்களே! கல்யாணமாயி புள்ள பெத்தவன். நாலு பேரு பாக்க, பொம்பளப் புள்ளைங்க எல்லாம் ஒக்காந்துருக்க... தப்பு பண்ணியிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் கேக்குறேன்."

அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. கதவருகே நின்ற மதியழகன் தலையைக் குனிந்துகொண்டான். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள் என்று சாரைப் பார்த்து அவன் தலையசைத்ததை நானும் பார்த்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஒங்க பையன் தங்கம். இது புது முறை. ஒக்காந்தே இருந்தா ஒடம்புக்கு ஆவாதுன்னு நின்னு வேலை பாக்குற முறை. மொதல்ல ஒங்க பையன் ஆரம்பிச்சிருக்காரு. நாளைலேருந்து நானும் அப்புடித்தான்" என்றார்.

நான் அதிர்ந்துபோய் அவருடைய தேக்கு நாற்காலியைப் பார்த்தேன்.

சமாளிப்பதற்குச் சொன்னது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுநாள் காலை அவர் கஸ்தூரியைக் கூப்பிட்டு, தன் மேசைக்கும் கல் கொண்டுவரச் சொன்னார். அதோடு மேசையை அறையிலிருந்து எடுத்து, எங்கள் கூடத்தில் மதியழகன் மேசைக்கு அருகே போடச் சொன்னார். மக்கள் வருகிற காலை நேரம் முழுவதும் அங்கேயே நின்று மனு வாங்கினார். மத்தியானத்துக்கு மேல்தான் தன் அறைக்கும் நாற்காலிக்கும் திரும்புவார்.

இப்போது எங்கள் கதி என்ன? அதிகாரி நிற்கும்போது கீழே இருக்கிறவர்கள் எப்படி உட்காருவது? அவர் வந்து நின்றதும் மொத்த அறையும் எழுந்து நின்றது. "ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். அவர் ஃபைலை எடுக்கக் கையை நீட்டினார், மறுபடி எழுந்தோம். இப்படி எழுந்தும் உட்கார்ந்தும், பாதி நாற்காலியில் தொங்கியும், அன்று மத்தியானத்துக்குள் என் கால் வீங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் அப்பாவைப் போட்டுச் சான்றிதழ் அடித்துவிட்டேன். அதைப் பார்த்த சார், "மங்கையம்மா, தயவுசெஞ்சு ஒக்காருங்க" என்றார். தயவு செய்யச் சொல்லிவிட்டார் என்றதும் எனக்கு வியர்த்தது, இன்னும் விறைப்பாக நின்றேன். கடைசியில் வாய்மொழியாக ஓர் உத்தரவு போட்டார். தான் நிற்பதைப் பார்த்து யார் எழுந்திருக்கிறார்களோ, அவர்கள்தான் அன்றைக்குத் தபால் பிரிக்க வேண்டும். தபால் பிரிப்பது எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை. அந்த வாரம் பெரும்பாலும் நான்தான் பிரித்தேன். அப்பா வளர்த்த வளர்ப்பு, அதிகாரியைப் பார்த்தால் என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துவிடும்.

மெல்ல மெல்லப் பழகினோம். அதிகாரியே நிற்கிற இடத்தில் மதியழகனை யாரும் "ஒக்காருங்க" என்று சொல்லவில்லை. மனு கொண்டு வருகிறவர்களும் அவனிடம் தயங்காமல் போனார்கள். இன்னொன்றும் நடந்தது. உட்கார்ந்திருக்கும் அதிகாரி முன்னால் துண்டை இடுக்கிக்கொண்டு கூனி நிற்பவர்கள், நிற்கிற அதிகாரியிடம் கடைத்தெருவில் பேசுவதுபோல் மேசையில் கையூன்றிப் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் சொக்குகிற நேரத்தில் நானும் சாரின் காலி மேசையில் போய் நின்று வேலை பார்க்க ஆரம்பித்தேன். தூக்கம் ஓடிப்போனது. கஸ்தூரி எனக்கும் ஒரு செங்கல் தனியாக வைத்துக்கொடுத்தாள்.

ஒருநாள் சார் அறைக்கு ஃபைல் கொண்டு போனபோது அவர் வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கற்பூர வாசனை.

"சார், ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? அதான் எல்லாரும் பழகிட்டாங்களே."

"அந்தம்மா மறுபடி வந்து எட்டிப் பார்த்தா என்னம்மா பண்றது?"

வந்துதான் பார்த்தார். சாரும் மகனும் அக்கம்பக்கமாக நிற்பதை வாசலிலிருந்து கண் குளிரப் பார்த்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று போனேன். "ஏம்மா, ஐயாவே நிக்கிறாரு. நீங்க மட்டும் எப்புடிம்மா கூசாம ஒக்காந்துருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் நான்தான் அடிவாங்கினேன். ஆனால் சார்மேல் எனக்கு இருந்த அன்பு அந்த வாரங்களில்தான் வேர்பிடித்தது. இன்றும் யாராவது நல்ல அதிகாரி என்று சொன்னால் எனக்கு அந்தத் தைல வாசனைதான் வருகிறது.

ஆய்வு அதிகாரி மறுபடி வந்தார். அன்று காலையிலிருந்தே மதியழகன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அக்கா, இன்னைக்கி ஒரு நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்துடவா?" என்று கேட்டான். "ஒக்காந்து, வலியில எழுந்து ஓடினா, மறுபடி காலி சீட்டுன்னு எழுதுவாரு. நில்லுடா" என்றேன். சொல்லிவிட்டு, அவன் மேசைக்கு அடியில் கல் ஆடாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இது தவறாகப் போனால் அவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

அதிகாரி உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தோம். "ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். மதியழகன் நின்றான். மரியாதைக்கு நிற்கிறான் என்று நினைத்து, "பரவாயில்ல, ஒக்காருங்க" என்றார் இன்னொரு தடவை. அவன் நின்றான். மூன்றாவது தடவை சொன்னபோது அவர் குரலில் எரிச்சல் வந்துவிட்டது. சபாநாயகம் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆய்வு அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு மதியழகன் அருகே வந்தார்.

"போன தடவ வந்தப்ப உங்க சீட் காலி. இப்பவும் காலியாத்தான் இருக்கு."

"சீட் காலிதாங்க சார். நான் இங்கதான் இருக்கேன்" என்றான் மதியழகன். செங்கல்லிலிருந்து காலை எடுத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். "எனக்கு முதுகுல டிஸ்க் வெலகியிருக்கு. ஒக்கார முடியாது. நின்னா எல்லா வேலையும் பாப்பேன். போன தடவயும் பின்னால வராந்தாவுல நின்னு வேலைதான் பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்ல பயந்துகிட்டு சொல்லல."

அத்தனை நாள் வாய் வராது என்றவன் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான். அதிகாரி அவன் மேசையில் கிடந்த மனுக்களைக் கேட்டார். தேங்கியது ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை. அவர் கல்லையும் டைரக்டரிகளையும் செங்கல்லையும் சுற்றிவந்து பார்த்தார். புதுச்சேரியிலிருந்து காரில் வந்த களைப்போ என்னவோ, இடுப்பில் கையை வைத்து ஒருமுறை நிமிர்ந்துகொண்டார். "இந்த நிலையில் பணியைக் குறைவின்றிச் செய்கிறார். இப்படியே தொடரலாம்" என்று எழுதச் சொல்லி, அங்கேயே அந்த உயர மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் மதியழகன் வீட்டுக்குப் போன் போட்டான். அவன் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவான். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, பெரிய அதிகாரி வந்துட்டுப் போயிட்டாரு."

"ஒன்னைய ஒக்காரச் சொன்னாராப்பா?"

"சொன்னாரும்மா. மூணு தடவ சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"அய்யய்யோ! ஏண்டா?"

"எனக்கு ரொம்ப நாளா முதுகு வலிம்மா. ஒக்கார முடியாது. ஒங்கிட்ட சொல்லல. அவருகிட்ட சொல்லிட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "வேலை?" என்று மட்டும் வந்தது.

"இருக்கும்மா. நின்னே பாக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு."

அந்தத் தாய் அழுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நில்லுப்பா" என்றார். "நல்லா நில்லு."